'அட்வைஸ்' பெயரா, வினையா? புனே நகரத் தரவுகளை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

புனே எரவாடாவில் இருக்கும் டெக்கான் கல்லூரியில் 1948-இல் ஒரு சமஸ்கிருத அகராதி வேலை தொடங்கியது. தொடங்கிவைத்தவர் எஸ்.எம். காத்ரே. ரிக் வேதம் தொட்டு ஏறத்தாழ 1500 நூல்களைத் துழாவி, ஏறத்தாழ ஒரு கோடித் துண்டுச் சீட்டுகள் எழுதி, இழுப்பறைகளில் அடுக்கினார்கள். முதல் பகுதி அச்சேற 1976 ஆயிற்று. பிறகு 30க்கும் மேற்பட்ட பகுதிகள் வந்துவிட்டன. அகராதி இன்னும் அகரத்தில்தான் நிற்கிறது.

இதைக் கேட்டுச் சிரிப்பவர்களுக்கு ஆராய்ச்சியின் அருமை தெரியாது. ஒரே எழுத்தை வைத்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாகப் பேரறிஞர்கள் பணியில் சேர்ந்து பணிமூப்பு அடைந்த ஊர் அது. அந்த மரபுக்கு வணக்கம் செலுத்தும் முகமாக, இந்தக் கட்டுரையும் அகரத்தில் தொடங்கும் ஒரே ஒரு சொல்லைத்தான் எடுத்துக்கொள்கிறது. ககரத்துக்குப் போகும் உத்தேசம் இல்லை. எடுத்துக்கொண்ட சொல், அட்வைஸ். புனேயில் வேலை பார்க்கும் தமிழர் வாயிலும் மின்னஞ்சலிலும் அது படும் பாடு இவ்வாய்வின் பொருள்.

முதலில் சிக்கலைச் சொல்லிவிடலாம். நாம் ஒரு சொல் என்று நினைத்திருப்பது ஆங்கிலத்தில் இரண்டு. கடைசியில் 'சி' போட்டு எழுதினால் பெயர்ச்சொல், எஸ் ஒலி. 'எஸ்' போட்டு எழுதினால் வினைச்சொல். ஆனால் ஒலி இசட். எஸ் எழுத்துக்கு எஸ் ஒலி கிடையாதாம், சி எழுத்துக்குத்தான் எஸ் ஒலியாம். இந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் பின்னாளில் உலகின் கால்பங்கை நிர்வாகம் செய்தார்கள் என்பது வேறு விஷயம். புனே அப்பா பல்வந்த் சௌக்கின் புத்தகக் கடைகளில் ரென் அண்டு மார்ட்டின் இலக்கணம் இன்றைக்கும் போட்டித் தேர்வு வழிகாட்டிகளோடு தோளோடு தோள் நிற்கிறது. 1930களில் வந்த புத்தகம். ரென், பம்பாய் மாகாணத்துக் கல்வித்துறையில் வேலை பார்த்தவர்; பிறகு பிரெஞ்சு அந்நியப் படையணி பற்றி நாவல் எழுதிப் புகழடைந்தார். இந்தியப் பிள்ளைகளுக்கு இலக்கணம் சொல்லித்தந்தவருக்குப் பாலைவனத்துச் சண்டை பற்றி எழுதத் தோன்றியதில் வியப்பில்லை.

சொல்லின் வரலாறு இன்னும் வேடிக்கை. மூலம், பழைய பிரெஞ்சின் 'அவிஸ்'. 'எனக்குப் படுவது' என்ற அளவுக்கு அடக்கமான பொருள். நடுவில் ஒரு டகரம் கிடையவே கிடையாது. லத்தீன் வாடை இருக்கட்டும் என்று ஏடெழுதிய படிப்பாளிகள் பின்னால் செருகியது அது. ஆக, 'எனக்கு இப்படித் தோன்றுகிறது' என்று பணிவாக வந்த சொல், ஒரு மெய்யெழுத்து ஏறியதும் 'நான் சொல்வதைக் கேள்' என்று நிமிர்ந்துவிட்டது. புலமை ஏறிய எதற்கும் நேர்வதுதான்.

இனி நம் காது. தமிழருக்கு இசட் ஒலி கேட்காது என்று சிலர் பொத்தாம்பொதுவாகச் சொல்கிறார்கள். பிழை. கேட்கும், ஆனால் இடம் பார்த்துத்தான் கேட்கும். சொல்லின் தொடக்கத்தில் வந்தால் ஜகரமாகக் கேட்கும்: ஜீரோ, ஜிப், ஜூ. நடுவில் வந்தாலும் அப்படியே: போர்த்துகீசியர் கொண்டுவந்த மேஜை அதற்குச் சாட்சி. கடைசியில் வந்தால் மட்டும் ஸகரம்: சைஸ், நியூஸ், ரோஸ், யூஸ். 'யூஸ் பண்ணு' என்பதில் ஆங்கிலேயன் இசட் சொல்வான், 'யூஸ் இல்லை' என்பதில் எஸ் சொல்வான். நமக்கு இரண்டும் ஒரே யூஸ். மராத்திக்காரருக்கு இந்தச் சங்கடம் இல்லை. அவர்களுடைய ஜகரத்துக்கே இரண்டு ஒலி உண்டு. அதில் ஒன்று இசட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி. ஆகவே புனே அலுவலகத்தில் மராத்தி நண்பர் இரண்டு அட்வைஸையும் பிரித்துச் சொல்லும்போது, பக்கத்து நாற்காலித் தமிழர் ஒன்றையே இரண்டு முறை கேட்டதாக நினைத்துத் தலையாட்டுகிறார்.

ஆனால் பெயருக்கும் வினைக்கும் ஒலியில் வேறுபாடு காட்டும் வித்தை நமக்குத் தெரியாததா? இங்கேதான் இவ்வாய்வின் முதல் கண்டுபிடிப்பு. பாடு என்பது வினை, பாட்டு என்பது பெயர். எழுது, எழுத்து. விளையாடு, விளையாட்டு. பேசு, பேச்சு. வீசு, வீச்சு. வினையில் மெய் மெலிந்து ஒலிக்கிறது, பெயரில் இரட்டித்து வலித்து ஒலிக்கிறது. இங்கிலீஷ்காரர்கள் செய்திருப்பதும் இதுவேதான். வினையில் மெலிந்த இசட், பெயரில் வலித்த எஸ். பாட்டையும் எழுத்தையும் நாம் அவர்களுக்கு முன்னமே வைத்திருந்தோம் என்பதைச் சுட்டிவிட்டு, உரிமை கோராமல் நகர்கிறேன். கால்டுவெல் 1856-இல் எழுதிய ஒப்பிலக்கணத்தில் தமிழில் வல்லெழுத்து இடத்துக்குத் தகுந்தபடி வலித்தும் மெலிந்தும் ஒலிப்பதைப் பெரிய விதியாகவே எழுதிவைத்தார். அவர் இடையன்குடியில் இருந்தார். புனேக்கு வந்து பார்க்கவில்லை. வந்திருந்தால் அடுத்த படியையும் அவரே எடுத்திருப்பார்.

அடுத்த படி இது. அட்வைஸைத் தமிழ்ச் சொல்லாகவே எடுத்து வளர்த்திருந்தால், பேசு, ஏசு, வீசு வரிசையில் வினை 'அட்வைசு' என்று ஆகியிருக்கும். பெயர், விதிப்படி, 'அட்வைச்சு'. "மாமா நேற்று ஒரு மணி நேரம் அட்வைசினார். அவருடைய அட்வைச்சு தாங்க முடியவில்லை." ஏச்சு, பேச்சு, அட்வைச்சு மூன்றும் இயைபாலும் அனுபவத்தாலும் ஓரினம் என்பதை வீட்டில் மூத்தவர்கள் உள்ள எவரும் ஒப்புவர். பயன்படுத்த விரும்புவோருக்குத் தடையில்லை.

ஏன் அப்படி ஆகவில்லை? அட்வைசினான், அட்வைசுவான், அட்வைசாதே என்று ஏன் யாரும் பேசவில்லை? அதற்குக் காரணமான ஒரு சிறிய சொல் நம் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கிறது: பண்ணு. பழைய உரைகாரர் வழியில் இதற்கு ஒரு நூற்பா செய்து வைக்கிறேன்.

பண்ணும் ஆகும் பின்வரு காலை
ஆங்கிலச் சொல்லெலாம் பெயரென மொழிப.

இதன் உரை: பண்ணு, ஆகு என்னும் இரண்டில் ஒன்று பின்னால் வந்து நின்றால், முன்னால் நிற்கும் ஆங்கிலச் சொல் தன் ஊரில் என்னவாக இருந்தாலும் இங்கே பெயராகவே கொள்ளப்படும் என்பதாம். எடுத்துக்காட்டு: அட்ஜஸ்ட் பண்ணு, அப்ளை பண்ணு, அப்செட் ஆகு. 'சொல்லெலாம்' என்றமையால், ஆங்கிலத்தில் வினையாக மட்டுமே வாழ்ந்து பழகிய டிசைட், அரேஞ்ச் முதலியவும் அடங்கும். 'மொழிப' என்றார், மொழிந்தவர் யாரெனின், மென்பொருள் பூங்கா இருக்கும் ஹிஞ்சவடிக்குச் செல்லும் பேருந்தில் கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி மொழிந்தவர் என்க.

ஆங்கிலேயன் ஒரு சொல்லை வினையா பெயரா என்று முடிவுசெய்ய ஓர் எழுத்தை மாற்றுகிறான். நாம் சொல்லைத் தொடுவதே இல்லை. அது எந்த வேடத்தில் வந்தாலும் வாசலில் நிறுத்தி, வினை வேலையைப் பண்ணுவிடம் ஒப்படைத்துவிடுகிறோம். காலம், இடம், பால், எண், மரியாதை எல்லாம் பண்ணுவின் பொறுப்பு: பண்ணினான், பண்ணுவார், பண்ணாதீங்க. ஆகவே பேச்சில் தமிழர் இந்தச் சொல்லைத் தவறாகச் சொல்லவே முடியாது. தவறுவதற்கு அங்கே வினையே கிடையாது. நியூ இங்கிலீஷ் ஸ்கூலை 1880-இல் புனேயில் தொடங்கியவர்களில் ஒருவரான விஷ்ணுசாஸ்திரி சிப்ளூண்கர், ஆங்கிலத்தைப் பெண்புலியின் பால் என்று வர்ணித்ததாக மராத்தியர் வழிவழியாகச் சொல்வார்கள். ஐயப்பனுக்குப் பிறகு புலிப்பாலைப் பற்றித் தீவிரமாக யோசித்தவர் அவராகத்தான் இருக்கும். அந்தப் பாலில் பண்ணு என்ற உறையை ஊற்றித் தயிராக்கியது தமிழ்.

நாம் மட்டுமா என்றால், இல்லை. மராத்தியில் கரணே, ஹோணே இரண்டும் இதே ஊழியத்தைச் செய்கின்றன. புனேயில் ரிக்‌ஷாக்காரர் "அட்ஜஸ்ட் கரா" என்பார். அலுவலகத்தில் குழம்பிப்போனவர் "கன்ஃப்யூஸ் ஜாலோ" என்பார்; பக்கத்துத் தமிழர் "கன்ஃப்யூஸ் ஆயிட்டேன்" என்பார். இருவரும் குழம்புவது ஒரே இலக்கணத்தில். இந்திய மொழிகள் இனம் வேறானாலும் ஒரே கூரைக்கடியில் வாழ்ந்து ஒருவர் நடையை ஒருவர் எடுத்துக்கொண்டன என்று மொழியியலாளர் எமனோ 1956-இலேயே எழுதினார். நீலகிரியில் தோடர் மொழியோடு பழகிய மனிதர் அவர். 1971-இல் கம்பர்ஸும் வில்சனும் சாங்லி மாவட்டத்துக் குப்வாட் கிராமத்தைப் பற்றி எழுதிய கட்டுரை இன்னும் சுவை. அங்கே மராத்தி, கன்னடம், உருது பேசுவோர் நூற்றாண்டுகளாக அக்கம்பக்கத்தில் இருந்ததில், சொற்கள் மட்டும் வேறாக, வாக்கியத்தின் எலும்புக்கூடு ஒன்றாகிவிட்டது. ஒரு மொழியின் வாக்கியத்தில் சொல்லுக்குச் சொல் மாற்றிவைத்தால் அடுத்த மொழியின் வாக்கியம் கிடைத்துவிடும். குப்வாட்டுக்கு அதற்கு நூற்றாண்டுகள் தேவைப்பட்டன. ஹிஞ்சவடியில் ஆங்கிலத்தின் புண்ணியத்தால் ஒரு மதிய உணவு இடைவேளை போதுமானதாக இருக்கிறது.

இதுவரை சொன்னது மொழியியலாளர்கள் ஏற்கெனவே அறிந்தது. இனிச் சொல்லப்போவதை அவர்கள் கவனித்தார்களா தெரியவில்லை. கவனித்திருந்தால் வீட்டில் சொல்லியிருக்க மாட்டார்கள். அட்வைஸ் என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு துணைவினைகள் உண்டு. பண்ணு ஒன்று, கொடு மற்றொன்று. "டாக்டர் அட்வைஸ் கொடுத்தார்." "பெரியப்பா அட்வைஸ் பண்ணினார்." இரண்டையும் இடம் மாற்றிப் பாருங்கள். டாக்டர் அட்வைஸ் பண்ணினார் என்றால் சிகரெட்டைப் பற்றி ஏதோ கடுமையாகச் சொல்லியிருக்கிறார் என்று பொருள். பெரியப்பா அட்வைஸ் கொடுத்தார் என்றால், அபூர்வமாக, நாமே போய்க் கேட்டிருக்கிறோம். இதற்கும் ஒரு நூற்பா:

கேட்டார் மாட்டுக் கொடுத்தலும் கேளார்
மாட்டுப் பண்ணலும் மரபெனப் படுமே.

உரை: கேட்டவருக்குத் தருவது கொடை, ஆகவே 'கொடு'. கேளாதவர் மேல் நிகழ்த்துவது செயல், ஆகவே 'பண்ணு'. 'கேளார்' என்பது கேட்காதவர், காதில் போட்டுக்கொள்ளாதவர், பகைவர் என மூன்று பொருளும் தரும் பழஞ்சொல். மூன்றும் இங்கே ஒருவரையே குறிக்கும். முதலில் அவர் கேட்கவில்லை, அடுத்துக் காதில் வாங்கவில்லை, முடிவில் பகைவரானார் என வரிசைப்படுத்திக் கொள்க.

ஆக, ஆங்கிலேயன் சி, எஸ் என்று எழுத்தில் காட்டிய வேறுபாட்டை நாம் தூக்கியெறிந்துவிடவில்லை. கொடுக்கப்படும் அட்வைஸ் ஒரு பொருள். வாங்கலாம், வைத்துக்கொள்ளலாம், திருப்பியும் தரலாம். அதுதான் உண்மையான பெயர்ச்சொல். பண்ணப்படும் அட்வைஸ், நூற்பா என்ன சொன்னாலும், ஒரு நிகழ்வு. முடியும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். இலக்கண வேறுபாட்டைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் நாகரிக வேறுபாட்டை வைத்தது தமிழ். ஆங்கிலத்தில் இந்த வசதி கிடையாது. கேட்டுச் சொன்னதா கேளாமல் சொன்னதா என்று காட்ட அவர்களுக்குத் தனியே ஓர் அடைமொழி வேண்டும். ஒரே ஒரு குறை. "அட்வைஸ் கேட்டேன்" என்று தமிழர் சொன்னால், வேண்டினாரா செவிமடுத்தாரா என்பது தெரியாது. நடைமுறையில் இரண்டும் ஒரே நாளில் நிகழ்வது அரிதாதலால் பெரிய பாதகமில்லை.

இனிக் களத்துக்கு வருவோம். பேச்சில் வராத சிக்கல் எழுத்தில் வருகிறது. களம், ராஜீவ் காந்தி இன்ஃபோடெக் பூங்கா இருக்கும் ஹிஞ்சவடி. அந்த ஊரின் பெயரே ஆங்கிலத்தில் இரண்டு விதமாக எழுதப்படுகிறது. நடுவில் வருவது ஆங்கிலத்தின் முதலெழுத்தா ஐந்தாம் எழுத்தா என்பதில் பலகைகளுக்குள் ஒற்றுமை இல்லை. சொல்லின் முதலில் அதே முதலெழுத்தா ஐந்தாம் எழுத்தா என்று உலகமே தடுமாறும் மற்றொரு இணை அஃபெக்ட், எஃபெக்ட். அதை இங்கே விரிவாக எடுக்கவில்லை. தமிழர் அதில் தடுமாறுவது குறைவு: அஃபெக்டுக்குப் பின்னால் பண்ணு, ஆகு வரும், எஃபெக்ட் சைடு எஃபெக்ட் என்றும் சவுண்ட் எஃபெக்ட் என்றும் தனியாக நிற்கும். தவிரவும், எஃபெக்ட் எகரத்தில் தொடங்குகிறது. நம் எல்லைக்கு வெளியே.

ஹிஞ்சவடியை அடுத்த வாகட் பகுதியில் மூன்று பேர் தங்கியிருக்கும் ஒரு வீட்டில் பதிவான உரையாடல் இது. முதல் தகவலாளர் சாத்தூர்க்காரர், வேலைக்குப் புதிது. இரண்டாமவர் அம்பாசமுத்திரத்துக்காரர், பல கம்பெனி பார்த்தவர்.

"அண்ணே, மெயில்ல ப்ளீஸ் அட்வைஸ்னு போடுறேன். சி-யா, எஸ்-ஆ?"

"எது போட்டாலும் செவப்புக் கோடு வராதுடே."

"அதான் பயமா இருக்கு."

"ரெண்டுமே இங்கிலீசுல உள்ள வார்த்தைதான? கம்ப்யூட்டர் ஏன் கோடு போடப்போவுது? நீ அனுப்பு. அமெரிக்காக்காரன் ராத்திரிதான் பாப்பான்."

இரண்டாம் தகவலாளரின் கருத்து தொழில்நுட்ப ரீதியில் திருத்தமானது. எழுத்துப்பிழை பார்க்கும் செயலி, சொல் அகராதியில் உண்டா என்று பார்ப்பதோடு திருப்தியடைவது வழக்கம். பெயர் இருக்கவேண்டிய நாற்காலியில் வினை உட்கார்ந்திருப்பது அதற்குத் தெரியாமலே போய்விடலாம். சாத்தூர்க்காரர் பெரும்பாலும் சி-யைத்தான் போடுவார். நூற்பா சொன்னபடி அவர் மனத்தில் எல்லா ஆங்கிலச் சொல்லும் பெயர். பின்னால் ஒரு 'பண்ணவும்' தொக்கி நிற்கிறது. அதை ஆங்கிலத்தில் எழுத வழியில்லாததால் விட்டிருக்கிறார். இலக்கணத்தில் இதற்குத் தொகை என்று பெயர். வினைத்தொகை, பண்புத்தொகை, உம்மைத்தொகை வரிசையில் பண்ணுத்தொகை என ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். அவர் செய்தது பிழையென்று இனியும் சொல்வோர் நன்னூலைப் படிக்கவில்லை. நான் சொல்வது அதில் இல்லாவிட்டாலும் படித்திருக்கலாம்.

ஆனால் அந்த மடலில் அவர் கேட்டது என்ன? ஆலோசனையா? இல்லவே இல்லை. 'இதற்கு என்ன பதில், எப்போது முடியும், தெரிவியுங்கள்' என்பதுதான். இந்தப் பொருளும் கலப்படமில்லாத பழைய ஆங்கிலம். வணிகக் கடிதங்களில் இந்த வினைக்குத் தகவல் தெரிவி என்பதே வேலை. கப்பல் புறப்பட்டதா, சரக்கு சேர்ந்ததா என்று தெரிவிப்பது. ஏற்றுமதி வணிகத்தில் எல்.சி. (லெட்டர் ஆஃப் கிரெடிட்) வைத்திருப்பவர்களுக்கு அட்வைசிங் பேங்க் என்றால் தெரியும். வெளிநாட்டு வங்கி திறந்த எல்.சி. வந்திருக்கிறது என்று ஏற்றுமதியாளருக்குச் சேதி சொல்லும் வங்கி அது. எல்.சி.க்கென்று 2007 முதல் நடப்பில் உள்ள யூசிபி 600 விதிகளின்படி, வெறுமே அட்வைஸ் செய்கிற அந்த வங்கிக்குப் பணம் தரும் பொறுப்பு கிடையாது. கைக்காசு போடாமல் சேதி மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்பவருக்கு இந்தப் பெயரை வைத்தவர் உறவுக்காரர்கள் நிறைய உள்ளவராக இருந்திருக்க வேண்டும்.

உள்ளூர் வங்கியில் வேறொரு திருப்பம். புனேயில் 1935-இல் பிறந்து இன்றும் அங்கேயே தலைமையகம் வைத்திருக்கிறது பேங்க் ஆஃப் மகாராஷ்டிரா. அதிலோ வேறெந்த வங்கியிலோ வேலை பார்த்து ஓய்வுபெற்ற தமிழர் ஒருவரைப் பிடித்து அட்வைஸ் என்றால் என்ன என்று கேளுங்கள். காகிதம் என்பார். டெபிட் அட்வைஸ், கிரெடிட் அட்வைஸ்: கணக்கில் பற்று வைத்தோம், வரவு வைத்தோம் என்று சொல்லும் சீட்டு. "அந்தப் பிராஞ்சிலேருந்து அட்வைஸே வரலை" என்று அவர் புலம்பினால், மகன் மதிக்கவில்லை என்று பொருளல்ல. ஆங்கில இலக்கணம் இந்தப் பெயர்ச்சொல்லை எண்ண முடியாதது என்கிறது. தண்ணீர், மணல் போல. வங்கியில் எண்ணலாம், அடுக்கலாம், குண்டூசி குத்தலாம். உலகத்திலேயே அட்வைஸைத் தொட்டுப் பார்க்கக்கூடிய ஒரே இடம் வங்கிதான்.

மராத்தியர் எங்கே போனார்கள் என்று கேட்கலாம். அவர்களுக்கு சல்லா என்ற சொல் இருக்கிறது, அரபி மூலம். சல்லா பெரும்பாலும் கொடுக்கப்படும். புனேயில் அதை மாட்டுவார்கள். புனேரி பாட்டி என்று ஒரு கலைவடிவம் உண்டு. மராத்தியில் பாட்டி என்றால் பலகை. வீட்டு வாசலிலும் கடை முகப்பிலும் தொங்கும் அந்தப் பலகைகள், மணியை ஒருமுறைக்கு மேல் அழுத்தாதே, கேட்டுக்கு முன்னால் வண்டியை விடாதே, பக்கத்து வீட்டு விலாசத்தை இங்கே கேட்காதே என்று வருவோர் போவோருக்கெல்லாம் குத்தலாக எடுத்துரைக்கும். நமக்குப் பாட்டி என்றால் ஔவை. ஆத்திசூடியின் 109 வரிகளும் அளவில் புனேப் பலகைகளுக்கு ஒத்தவை. ஒற்றை வரி, யாரும் கேட்காமல் சொல்வது, பெரும்பாலும் ஏவல் வினையில் முடிவது. இரண்டு பாட்டிகளுக்கும் அட்வைஸ் என்ற பெயர்ச்சொல் தேவைப்படவில்லை என்பது கவனிக்கத்தக்கது. நேராக வினைக்குப் போய்விட்டார்கள். கிண்டல் புனேப் பாட்டிக்கு மட்டும் உரியது. மும்பைக்காரர், நாக்பூர்க்காரர், புனேக்காரர் மூவரில் யாராக ஆசை என்று பு.ல. தேஷ்பாண்டே எழுதிய நகைச்சுவைக் கட்டுரை மராத்தி வீடுகளில் பிரசித்தம். புனேக்காரர் ஆவதற்குத் தகுதி, எதைப் பற்றியும் அழுத்தமான அபிப்பிராயம் வைத்திருப்பது. அந்த அபிப்பிராயம் பலகையளவு சுருங்கியதே பாட்டி.

பெயரும் வினையும் ஓரெழுத்தில் பிரியும் இணைகளில் அட்வைஸ் ஓரளவு நியாயமானது, ஒலியாவது மாறுகிறது. பிராக்டீஸும் லைசென்ஸும் அப்படியில்லை. சி போட்டாலும் எஸ் போட்டாலும் ஒரே ஒலி. பிரிட்டிஷ்காரர் காகிதத்தில் மட்டும் வேறுபாடு வைத்துக்கொண்டார். அமெரிக்கர் சலித்துப்போய் பிராக்டீஸுக்கு இரண்டிலும் சி, லைசென்ஸுக்கு இரண்டிலும் எஸ் என்று சரிபாதியாகப் பாகம் பிரித்துத் தகராறை முடித்தார். இந்தியா பிரிட்டிஷ் கட்சி. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தில் லைசென்ஸ் வழங்கும் அதிகாரிக்கு எஸ், அவர் வழங்கும் அட்டைக்கு சி. புனேயில் ஆர்.டி.ஓ. தேர்வுக்கு எட்டுப்போட்டுக் காட்டும் இளைஞர்களில் இதை அறிந்தவர் யாரும் இருப்பதாகத் தோன்றவில்லை. கால் ஊன்றாமல் வளைப்பதே அவர்களுக்குப் பெரும்பாடு.

இந்த விஷயத்தில் நம் அரசியலமைப்புச் சட்டம் பார்க்கவேண்டிய ஆவணம். அகரத்தில் தொடங்குவதால் இதை எடுத்துக்கொள்ளத் தடையில்லை. 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்து, எந்த வடிவிலும் அதன் பிராக்டீஸைத் தடைசெய்கிறது. அங்கே பெயர், ஆகவே சி. 19-ஆம் பிரிவு எந்தத் தொழிலையும் பிராக்டீஸ் பண்ணும் உரிமை தருகிறது. வினை, ஆகவே எஸ். 25-ஆம் பிரிவில் மதத்தைப் பின்பற்றும் உரிமை பேசும் முதல் உட்பிரிவில் எஸ், கொஞ்சம் கீழே மதத்தோடு ஒட்டிய நடவடிக்கை என்னுமிடத்தில் சி. ஒரே பிரிவுக்குள் இரண்டு எழுத்தும் அதனதன் இடத்தில். அம்பேத்கரின் வரைவுக் குழுவில் யாருக்கும் கை தவறவில்லை.

அந்தத் துல்லியம் ஹிஞ்சவடியில் எதிர்பார்க்கத்தக்கதன்று. ஆனால் சிக்கலுக்கு அங்கே ஒரு தீர்வு தானாகவே முளைத்திருக்கிறது. சாத்தூர்த் தகவலாளர் சில வாரங்களுக்குப் பிறகு, சி-யா எஸ்-ஆ என்ற விவாதத்தையே விட்டுவிட்டு, கடைசி மூன்று எழுத்துகளை வெட்டிவிட்டார். ஏ, டி, வி. பின்னால் ஒரு புள்ளி. 'ப்ளீஸ் அட்வ்.' டெலெக்ஸ் காலத்துக் கப்பல் வணிகர்கள் காசை மிச்சம்பிடிக்கக் கையாண்ட வழி. இவர் மானத்தை மிச்சம்பிடிக்கக் கையாண்டார். சி-யும் இல்லை, எஸ்-ஸும் இல்லை. யாரும் குற்றம் காண முடியாது.

கண்டார்கள். மகாராஷ்டிரத்தில் அந்த மூன்று எழுத்தும் புள்ளியும் வழக்கறிஞர் பெயருக்கு முன்னால் போடும் பட்டம். வீட்டு வாசலில், ஸ்கூட்டர் முகப்பில், திருமண அழைப்பிதழில் எங்கும் பார்க்கலாம். குழுத் தலைவரான மராத்தி அம்மையார் மடலைப் பார்த்துவிட்டு, ஒரு சாதாரணத் தாமதத்துக்கு எதற்காக வக்கீலைக் கூப்பிடுகிறாய் என்று இருக்கையிலிருந்தே கேட்டாராம். அன்றிலிருந்து நம் தகவலாளர் மடல் எழுதுவதை விட்டுவிட்டார். சந்தேகம் வந்தால் எழுந்து அவர் மேஜைக்கே போய் நேரில் கேட்கிறார். கேட்டது ஒன்றரை நிமிஷத்துப் பதிலுக்கான கேள்விதான். அந்த அம்மையாரோ நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காரச் சொல்லி, தேநீர் வரவழைத்து, வேலை, சேமிப்பு, வாகட்டில் வாடகை கொடுப்பதைவிட ஃபிளாட் வாங்குவது ஏன் மேல் என்பதுவரை அரைமணி நேரம் பேசுகிறார். "கேட்டது நாந்தாண்ணே, ஆனா அவங்க குடுக்கல, பண்ணுறாங்க" என்று அம்பாசமுத்திரத்து அண்ணனிடம் அவர் அறிக்கை தந்திருக்கிறார். இரண்டாம் நூற்பாவுக்கு ஒரு புறனடை எழுதவேண்டியிருக்கிறது.